கடல் கடந்து செல்லும் மகனும் வழியனுப்பும் பெற்றோரும்

 

மாத்தளை, உக்குவளை, வரக்காமுறை, கலேவெல என நமது ஊர்களிலிருந்து இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்காகப் புறப்படுகின்றனர். உம்மாவின் நகை விற்கப்படுகிறது. மகன் கட்டுநாயக்காவில் விமானமேறுகிறான். அதன்பின் அவன் அங்கே எவ்வாறு காலூன்றுகிறான் என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

கி.பி. 622 இல் ஹிஜ்ரத் நிகழ்ந்த காலத்தில், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மக்காவில் இருந்ததை விட்டு மதீனா வந்தார்கள். அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ அவருக்காகப் பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். பின்னரே திருமணம் புரிந்து குடும்பமும் அமைத்துக்கொண்டார்கள். முதலில் இடத்தை அறிதல், அடுத்துத் தொழில், பின்னர் வளம்: இதுவே அந்த ஒழுங்கு.

வாலிபனே! இன்று உனக்குச் சந்தைக்கான வழி உனது ஒப்பந்தத்தில் தொடங்குகிறது. புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துகொள். ஒப்பந்தத்தை வாசித்து விளங்கி, ஒரு பிரதியை வீட்டில் வைத்துச் செல். கத்தாரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தகுதிகாண் காலம் ஆறு மாதம் வரை நீளலாம்; அக்காலத்தில் நேரந்தவறாமையும் கற்கும் ஆர்வமுமே உன்னைக் காக்கும். கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1000 ரியால் என்பதையும், கடவுச்சீட்டை முதலாளி பறித்து வைப்பதை 2015 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது என்பதையும் அறிந்துகொள். அறைத் தோழர் எம்மதத்தவராயினும் அயலவரே. அவருக்குரிய ஹக்கைப் பேணு.

பெற்றோர்களே! முதல் மாதச் சம்பளத்தை நம்பி மகளின் திருமண நாளைக் குறிக்காதீர்கள். பசித்திருக்கும் மகன் தொலைபேசியில் "சுகமாக இருக்கிறேன்" என்று சொல்வதற்குக் காரணம், பல வேளைகளில் நமது அவசரமே. "பணம் எப்போது வரும்?" என்று கேட்குமுன் "சாப்பிட்டாயா மகனே?" என்று கேளுங்கள். அப்போது அவன் உண்மையைச் சொல்வான். உண்மை தெரிந்தால்தான் உதவவும் முடியும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்க்கையும் ஸபுரையும் ஸலாமத்தான மீள்வருகையையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.