ஒரு பொட்டலம், ஒரு லீற்றர்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூறு வயதைத் தொட்ட பாடசாலையில் பேச அழைத்தால் பழைய நினைவுகளைத்தான் எதிர்பார்ப்பீர்கள். இங்கு படித்து மருத்துவத் துறைக்குப் போன நாங்களோ, விஞ்ஞான பாடத்தில் மனனம் செய்த இரண்டு சொற்களோடு வந்திருக்கிறோம். ஒன்று பிரசாரணம், மற்றையது பீ.எச். பெறுமானம்.

சப்ரகமுவத் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு இவை இரண்டும் பாடசாலைக்கு வருமுன்பே தெரிந்தவைதான். மழை நாளில் காலில் அட்டை ஏறினால் அம்மா என்ன செய்வார்? ஒரு சிட்டிகை உப்பு வைப்பார். அட்டையின் உடலிலுள்ள நீரை உப்பு வெளியே இழுக்கும், அட்டை சுருண்டு விழும். அதுவே பிரசாரணம். றப்பர் பால் வெட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மற்றதும் தெரியும். வெட்டிய பால் உறையாமலிருக்க அமோனியா விடுவார்கள். பிறகு ஸ்டோரில் அதை உறைய வைக்கப் போமிக் அமிலம் விடுவார்கள். முன்னது பீ.எச். பெறுமானத்தைக் கூட்டுகிறது, பின்னது குறைக்கிறது. அதே பால்தான். அமிலம் கூடியதும் கட்டியாகிறது.

நம் உடம்பும் இந்த இரண்டு கணக்குகளையும் மிகக் கவனமாகப் பார்க்கிறது. குருதியின் பீ.எச். 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்க வேண்டும். அதில் கரைந்துள்ள பொருள்களின் செறிவு லீற்றருக்கு ஏறத்தாழ 290 மில்லிஒஸ்மோல். குருதிக்குள் வெறும் காய்ச்சி வடித்த நீரை ஏற்றினால் செங்குழியங்கள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். உப்பு மிகுந்த நீரை ஏற்றினால் சுருங்கிவிடும். சேலைன் போத்தலில் லீற்றருக்கு 9 கிராம் உப்பு இருப்பது இதனால்தான். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தும் கண்ணீரின் செறிவை ஒட்டியே தயாரிக்கப்படுகிறது. இல்லாவிட்டால் கண் எரியும், எரிந்தால் கண்ணீர் பெருகும், கண்ணீர் மருந்தையே கழுவிக்கொண்டு போய்விடும்.

பீ.எச். கணக்கையும் நீங்கள் உடம்பில் உணர்ந்திருப்பீர்கள். தையல் போடுமுன் கொடுக்கும் விறைப்பூசி ஏன் அப்படி எரிகிறது? மருந்து கெடாமலிருக்க அதை அமிலத்தன்மையில் வைத்திருக்கிறார்கள். நாளுக்கு ஒரு முறை போடும் கிளார்ஜின் இன்சுலினில் இதே கணக்கு நன்மையாக வருகிறது. போத்தலில் அதன் பீ.எச். 4 அளவில் இருப்பதால் தெளிவாகக் கரைந்திருக்கும். தோலுக்கடியில் போனதும் நுண்ணிய துகள்களாகப் படிந்து, நாள் முழுக்க மெதுவாகக் கரையும். அதை வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலந்தால் இந்தக் கணக்கு குழம்பிவிடும். வீட்டில் சர்க்கரை நோயாளிகள் இருப்போர் இதை நினைவில் வையுங்கள்.

இனி நாங்கள் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறோம். அது ஜீவனி.

1971இல், வங்கதேசப் போரிலிருந்து தப்பி வந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. மேற்கு வங்கத்துப் பொங்கான் முகாமில் சேலைன் தீர்ந்துபோனபோது, டொக்டர் திலிப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் சோடாவும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். பொட்டலம் கட்டி, தாய்மாரையும் உறவினரையுமே ஊட்டச் சொன்னார். 100 பேரில் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4 பேருக்கும் குறைவாயிற்று. குடலில் குளுக்கோசு உப்பைக் கூட்டிச் செல்கிறது, உப்பின் பின்னால் நீர் போகிறது. இரகசியம் அவ்வளவுதான்.

பின்னர் அந்தப் பொட்டலம் இரண்டு முறை திருத்தப்பட்டது. முதலில் இருந்த சோடா உப்பு, வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளில் பொட்டலத்தைப் பழுப்பாக்கிக் கெடுத்தது. அதனால் 1980களில் அதற்குப் பதிலாக சிற்றேற்று உப்பு வந்தது. வயிற்றோட்டத்தால் அமிலமாகும் குருதியை இதுவும் சரிசெய்யும். 2002இல் உலக சுகாதார நிறுவனம் செறிவை 311இலிருந்து 245ஆகக் குறைத்தது. குருதியை விடச் சற்று நீர்த்த கரைசல் குடலில் இலகுவாக உறிஞ்சப்படுகிறது. சேலைன் ஏற்ற வேண்டிய பிள்ளைகளின் தொகை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. இன்று ஒரு லீற்றருக்குரிய பொட்டலத்தில் 20.5 கிராம் தூள் இருக்கிறது. அதில் 13.5 குளுக்கோசு, 2.6 சாதாரண உப்பு, 1.5 பொற்றாசியம் குளோரைட்டு, 2.9 சிற்றேற்று உப்பு.

இத்தனை பேர் கிராம் கணக்கில் திருத்திய பொட்டலத்தை நாங்கள் ஒரு வார்த்தையில் கெடுத்த கதையையும் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்துத் தாய் வயிற்றோட்டமுள்ள பிள்ளையோடு வந்தார். பொட்டலங்களைக் கொடுத்து, “ஒரு லீற்றரில் கரைச்சுக் குடுங்கம்மா” என்று அனுப்பினோம். இரண்டாம் நாள் பிள்ளை வலிப்போடு திரும்பி வந்தது. “எதில் கரைத்தீர்கள்?” என்று அப்போதுதான் கேட்டோம். “டம்ளர்லதாங்க டொக்டரம்மா. கெட்டியா குடுத்தா சீக்கிரம் சொகமாகும்னு நெனச்சேன்” என்றார். லயக் காம்பராவில் லீற்றர் அளவு காட்டும் பாத்திரம் எதுவும் இருக்கவில்லை.

200 மில்லிலீற்றர் டம்ளரில் முழுப் பொட்டலம் என்றால் செறிவு ஐந்து மடங்கு, அதாவது 1,200க்கு மேல். அட்டையின் மேல் வைத்த உப்பு செய்த வேலையை அந்தக் கரைசல் பிள்ளையின் குடலில் செய்தது. உடம்பிலிருந்த நீரையும் வெளியே இழுத்தது. குருதியில் உப்பு ஏறி மூளைக் கலங்கள் சுருங்கின. பல நாள் போராடிய பின் பிள்ளை பிழைத்தது. அந்தத் தாய் தன்னையே நொந்துகொண்டார். பிழை அவருடையதல்ல. வீட்டில் என்ன பாத்திரம் இருக்கிறது என்று கேட்காத எங்களுடையது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பொட்டலத்தோடு ஒரு லீற்றர் வெறும் தண்ணீர்ப் போத்தலையும் காட்டுவோம். ஒன்றரை லீற்றர்ப் போத்தலும் உண்டு, அதில் கரைத்தால் மருந்து நீர்த்துப்போகும் என்று சொல்வோம். கொதித்தாறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். சீனியோ உப்போ சேர்க்கக் கூடாது. 24 மணித்தியாலத்துக்குப் பின் மீதியை ஊற்றிவிட வேண்டும். இவற்றை அந்தத் தாயின் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்வோம். டெங்கு வந்தவர்களுக்கும் இந்தப் பாடம் உதவும். அவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காமல், கஞ்சி, செவ்விளநீர், ஜீவனி என்று உப்புள்ள பானங்களையும் அருந்த வேண்டும்.

அன்பான சகோதரிகளே, லண்டனிலும் டொராண்டோவிலும் மெல்பேர்னிலும் இருக்கும் நீங்கள் நூற்றாண்டு நிதிக்குத் தாராளமாகத் தந்திருக்கிறீர்கள். அதில் சிறு பங்கை நம் விஞ்ஞான கூடத்துக்கு ஒதுக்குமாறு கேட்கிறோம். ஒரு நல்ல தராசும், சில லீற்றர் குவளைகளும், பீ.எச். தாள்களும் போதும். எட்டியாந்தோட்டையிலிருந்தும் இறக்குவானையிலிருந்தும் வரும் பிள்ளை ஒரு லீற்றர் என்றால் எவ்வளவு என்பதைத் தன் கையால் அளந்து பார்க்கட்டும். வீட்டுக்குப் போய் அம்மாவுக்கும் பாட்டிக்கும் காட்டட்டும்.

நம்மில் பலருடைய தாய்மார் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் பதித்தவர்கள். அவர்கள் நம்மை இங்கே அனுப்பியது நாம் அறிந்ததை வீட்டுக்குக் கொண்டுவருவோம் என்ற நம்பிக்கையில்தான். அந்தக் கடன் இன்னும் மீதியிருக்கிறது.