திருந்த அவருக்கு ஆயுள் இருந்தது



1954இல் மலையாளத்தில் ‘நீலக்குயில்’ என்றொரு படம் வந்தது. கதை உறூப், இயக்கம் பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும். மழைக்கு ஒதுங்க வந்த நீலி என்ற தாழ்த்தப்பட்ட பெண்ணோடு பள்ளி வாத்தியார் ஸ்ரீதரன் நாயர் பழகுகிறார். அவள் வயிற்றில் பிள்ளை என்றதும் சாதிக்குப் பயந்து கைகழுவிவிட்டு, தன் சாதியிலேயே பெண் கட்டுகிறார். ஊர் தள்ளிவைத்த நீலி தண்டவாளத்து ஓரம் செத்துக் கிடக்கிறாள்; பக்கத்தில் பச்சைக் குழந்தை. தபால்காரர் சங்கரன் நாயர் அதை அள்ளி எடுக்கிறார். ஊர் ஏச ஏச வளர்க்கிறார். அந்தத் தபால்காரராக நடித்தவர் பாஸ்கரனேதான்.

குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற படம். பெறத் தகுந்ததுதான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை! வருஷங்கள் கழித்து வாத்தியார் மனம் திருந்தி, மகனை ஊரறிய ஏற்கிறார். திருந்த அவருக்கு ஆயுள் இருந்தது. நீலிக்கு?

திரைக்கு வெளியேயும் இதே கதைதான். மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமார’னை எடுத்தவர் அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி. டானியல். அதில் நாயர் பெண்ணாக வேஷம் கட்டியதற்காக, தலித் பெண்ணான பி.கே. ரோஸி ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. நம் இலங்கையிலும் இதைப் பேசிய படம் உண்டு: 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களக் கலைஞர், காவலூர் ராஜதுரையின் எழுத்தில் ‘பொன்மணி’ எடுத்து, யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் திரைக்குக் கொண்டுவந்தார்.

மலையகத் தோட்டத்து மக்களான நாம் என்ன செய்தோம்? வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஒன்றாய் நிற்கிறோம். ஒரே மலையில் கொழுந்து பறிக்கிறோம். அட்டை கடித்தால் எல்லார் காலிலும் ஒரே இரத்தம்தான். சம்பளப் போராட்டம் என்றால் மேட்டு லயமும் பணிய லயமும் ஒரே குரலாகிறது. கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும், “அவங்க என்ன ஆளுங்க?” என்று குரலைத் தாழ்த்துகிறோம். விரும்பியவனோடு கொழும்புக்குப் போன பிள்ளையின் பெயரை வீட்டில் சொல்லவும் விடுவதில்லை. கூடப் போனவனை இரண்டே மாதத்தில் மன்னித்துவிடுகிறோம், ஆம்பிளைப் பிள்ளையாம்!

தாய்மார்களே, மாரியம்மன் திருவிழாவுக்கு அந்தப் பிள்ளை கைக்குழந்தையோடு வந்தால் வாசல் இஸ்தோப்பிலேயே நிறுத்தி வைக்காதீர்கள். உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுங்கள். புருஷனுக்கும் சேர்த்து இலை போடுங்கள். எழுதுகிற தம்பிமாரே, நாடகம் போடுகிற தங்கைமாரே, உங்கள் கதையில் நீலியைச் சாகவிடாதீர்கள். அவள் உயிரோடு இருந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாத்தியாரை ஊர் நடுவே கேள்வி கேட்கட்டும்!