ஜெயித்த பணம் யாருடையது?

கிண்டி குதிரைப் பந்தயத்தை நிறுத்த 1974-ல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றமோ, பந்தயம் திறமையைச் சார்ந்தது, சூதாட்டமல்ல என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் கேள்வி அது. கிறிஸ்தவ விசுவாசம் கேட்பது வேறு: ஜெயித்த பணம் யாருடையது? பந்தயம் கட்டுவதால் புதிதாக எதுவும் விளைவதில்லை. தோற்றவர் பணம்தான் கைமாறுகிறது. யார் வீட்டு அரிசிக் காசோ, எந்தப் பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ! தன்னைப்போல் பிறரை நேசிப்பவர் அவர்களுடைய உடைமைக்குச் சேதம் செய்யக் கூடாது என்றார், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. பணம் பற்றிய தம் பிரசங்கத்தில் சூதாட்டத்தை அவர் விலக்கியது அதனால்தான். இன்று பந்தயம் கைப்பேசிக்கே வந்துவிட்டது. குடியைக் கண்டிக்கிற அளவுக்குச் சபைகள் இதைக் கண்டிப்பதில்லை. போதகர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை இதைப் பேசுங்கள்.