முதலாளி மாறும் வேளையில் ஏஜெண்டு



சர்வதேசப் பொருளாதாரக் கொள்கையில் ஓர் உயர் உத்தியோகஸ்தரின் பங்கு யாது என்பதைப் புதுவயலில் நின்று பேசுபவன், பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்ற பரம்பரையாரின் முன்னிலையில் பேசுகிறோம் என்ற அச்சத்தோடுதான் பேச வேண்டியிருக்கிறது. மூன்றாண்டுக் கணக்குக்கு ரங்கூன் போன ஏஜெண்டு, முதலாளியின் பணத்தை முதலாளியின் தொழிற்பெயரான விலாசத்தில் கொடுத்து வாங்கி, ஐந்தொகையை ஊருக்கு அனுப்பி, தாம் செய்த ஒவ்வொன்றுக்கும் பேரேட்டைத் திறந்து பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பணமும் அவருடையதன்று, விலாசமும் அவருடையதன்று. ஆயினும் கடிதம் போய் மறுகடிதம் வருமுன் முடிவெடுக்க வேண்டியவர் அவரே. உயர் உத்தியோகஸ்தரின் நிலையும் ஏறத்தாழ இதுவே என்பது என் அபிப்பிராயம். அதற்குச் சாட்சியாக 1991-ஆம் ஆண்டையும், நாகர்கோவிலில் பிறந்து, நிதிச் செயலாளராயிருந்து, 1990 டிசம்பரில் ரிசர்வ் வங்கியின் கவர்னரான எஸ். வெங்கிடரமணனையும் எடுத்துக்கொள்கிறேன்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியதும் எண்ணெய் விலை ஏறிற்று; வளைகுடாவிலிருந்து நம்மவர் அனுப்பிய பணம் குன்றிற்று; வெளிநாட்டு இந்தியர் தம் வைப்புத்தொகைகளை எடுக்கத் தொடங்கினர். 1991 மார்ச்சில் பிரதமர் சந்திரசேகர் ராஜினாமாச் செய்தார். தொடர்ந்த தேர்தலின் நடுவே, மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். கஜானாவில் இரண்டு வார இறக்குமதிக்கு மேல் அந்நியச் செலாவணி இல்லாத அந்த நாட்களில், தேசத்துக்கு முழு அதிகாரமுள்ள அரசாங்கமும் இல்லை. வெளிநாட்டுக் கடன்களின் தவணைத் தேதிகளோ தேர்தலுக்காகக் காத்திருப்பவை அல்ல.

இங்கேதான் உத்தியோகஸ்தரின் தொழில் தொடங்குகிறது. மே மாதத்தில், பறிமுதல் செய்யப்பட்டு அரசிடமிருந்த தங்கத்தில் 20 டன், திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு, ஸ்டேட் வங்கி மூலமாக ஸ்விட்சர்லாந்தில் விற்கப்பட்டது. ஜூலையில், நரசிம்ம ராவ் பிரதமராகப் பதவியேற்ற பின், ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கத்தில் ஏறக்குறைய 47 டன் விமானத்தில் லண்டனுக்குச் சென்றது. அதன் ஈட்டின்மேல் இங்கிலாந்து வங்கியும் ஜப்பான் வங்கியும் சுமார் 40 கோடி டாலர் கடன் தந்தன. பொன்னைப் பம்பாய்ப் பெட்டகத்திலேயே வைத்துக்கொண்டு எழுத்தின் பேரில் கடன் தரலாகாதா என்று கேட்டதற்கு, கடன் கொடுப்போர் இணங்கவில்லை. இவ்வூராராகிய நீங்கள் இதற்காக அவர்களைக் குறை கூறமாட்டீர்கள் என்றே எண்ணுகிறேன்.

பத்திரிகைகள் தேசிய அவமானம் என்று கதறின. இல்லத்தரசியின் தாலியை அடகு வைத்ததாகப் பேசியவர்களும் உண்டு. அந்த ஆரவாரத்தில் எவர் கண்ணிலும் படாத ஒரு விஷயம் எனக்குப் பிரதானமாகப் படுகிறது. ரிசர்வ் வங்கிச் சட்டம், வங்கியின் தங்கத்தில் இருபதில் பதினேழு பங்கேனும் உள்நாட்டில் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. வெளியே போன தங்கம் அந்த வரம்பைத் தாண்டவில்லை. அவசரம் எவ்வளவு பெரிதாயினும், ஏஜெண்டைப் போன்ற கவர்னர் தமக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தின் எல்லை அதுவேயென உணர்ந்து, அதற்குள் நின்று, யோசனையைத் தாம் எழுதி, சம்மதத்தை மந்திரிகளிடமிருந்து பெற்று, அவர்கள் பெயரால் நிறைவேற்றியதே இதன் சிறப்பு. ஜூலை 1, 3 தேதிகளில் இரு படிகளாக நடந்த ரூபாய் மதிப்புக் குறைப்பும், அப்போது துணைக் கவர்னராயிருந்த சி. ரங்கராஜனின் கைவழியே, நிதியமைச்சர் மன்மோகன் சிங்கின் முடிவாகவே நடந்தேறிற்று.

ஒரு தவணைகூடத் தவறாமல் தேசம் அந்த ஆண்டைக் கடந்தது. ஈட்டின் பேரில் வாங்கிய கடனும் ஆண்டு முடியுமுன் அடைபட்டது. மறு ஆண்டே பங்குப்பத்திர ஊழல் வெளிப்பட, வங்கிகளின் மீதான மேற்பார்வை தளர்ந்திருந்தது ஏன் என்று அதே கவர்னரை நாடு கேட்டது. நியாயமான கேள்விதான், அதற்குத் தனியே ஒரு சொற்பொழிவு வேண்டும்.