தவளப் பாதையில் ஒரு தங்குவண்டிப் பயணம்

இலங்கையின் கிழக்குக் கரையிலே, நிந்தவூருக்குத் தெற்கிலும் பாலமுனைக்கு வடக்கிலுமாக அமைந்த ஊர் ஒலுவில். ஒருபுறம் வங்கக் கடலும், மறுபுறம் பரந்த நெல்வயல்களும், வடக்கே களியோடையும் அதற்கு எல்லைகளாக விளங்குகின்றன. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இவ்வூரிலேதான் உள்ளது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்பைச் சென்றடையும் ஏ-4 நெடுஞ்சாலை இவ்வூரைத் தொட்டுக்கொண்டு போகின்றது. கடற்கரை மணலில் நிற்கும் ஒருவர் அந்த ஒரே சாலையைப் பற்றிக்கொண்டு புறப்பட்டால், களப்புகளையும் சதுப்பு நிலங்களையும் கடந்து, ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றருக்குள் பேரருவிகளின் அடிவாரத்தை அடைந்துவிடலாம். இத்தகைய வாய்ப்பு எல்லா ஊர்களுக்கும் கிட்டுவதன்று.

இவ்வழியில் அண்மைக் காலமாக ஒரு புதுவகை வாகனம் தென்படுகின்றது. வெளிப் பார்வைக்கு அது ஒரு வான். உள்ளே நோக்கினால் ஒரு சிறு வீடு. மடக்கி வைக்கத்தக்க படுக்கை, தண்ணீர்த் தொட்டி, சிறிய எரிவாயு அடுப்பு, பாத்திரங்கள் ஆகியவை அதனுள் ஒழுங்காக அமைந்துள்ளன. ஜெர்மனி நாட்டின் வொக்ஸ்வாகன் நிறுவனம் 1950ஆம் ஆண்டில் வான்களைச் செய்யத் தொடங்கிற்று. மறு ஆண்டிலேயே வெஸ்ட்பாலியா என்னும் நிறுவனம் அவற்றுள் படுக்கையும் சமையற் பெட்டியும் பொருத்தி விற்கலாயிற்று. விடுதியைத் தேடி அலையாமல் வேண்டிய இடத்தில் தங்கிச் செல்லும் வழக்கம் அதன்பின் உலகெங்கும் பரவியது. இலங்கையில் இத்தகைய தங்குவண்டிகளை இப்பொழுது வாடகைக்கும் பெறலாம்.

எனினும், உறைவிடத்தை உடன்கொண்டு மலைக்குச் செல்லும் வழக்கம் கிழக்குக் கரைக்குப் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் மேற்குக் கரையிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் ஏற்று, அவர்களுள் பெரும் தொகையினரைக் கிழக்கிலே குடியேற்றினான் என்பது வரலாறு. அவர்களுடைய வழித்தோன்றல்கள் வேளாண்மையோடு வாணிகத்தையும் பேணினர். உப்பு, கருவாடு, துணி முதலியவற்றைப் பொதிமாடுகளின் மீது ஏற்றி மலைநாட்டுக்குக் கொண்டுசென்றனர். பாக்கு முதலிய மலைப் பண்டங்களுடன் மீண்டனர். அப்பொதிமாட்டு அணிக்குத் ‘தவளம்’ என்று பெயர். தாவளம் என்னும் சொல்லுக்குத் தங்குமிடம் என்று அகராதி பொருள் கூறுகின்றது. நடப்பதும் தங்குவதும் ஒன்றாகக் கலந்த அந்த வாழ்வுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு யாது?

தவளக்காரர் பருவம் அறிந்து புறப்பட்டனர். தங்குவண்டியில் செல்வோருக்கும் முதலில் வேண்டுவது அவ்வறிவே. கிழக்குக் கரைக்கு மழையைத் தருவது வடகீழ்ப் பருவக்காற்று. அதன் உக்கிரம் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் மிகுதி. அப்பொழுது அருவிகள் பொங்கி விழும். ஆனால் கரையோரத் தாழ்நிலங்கள் நீரில் மூழ்கும், மலைச் சரிவுகளும் இளகிக் கிடக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலோ கரையில் வானம் தெளிவாக இருக்கும். அருவிகள் நூலாக இளைத்துவிடும். இரண்டையும் ஒருங்கே காண விரும்புவோர், பெரும்போக அறுவடை முடிகின்ற மாசி, பங்குனி மாதங்களைத் தேர்ந்துகொள்வது நன்று. குளங்களில் நீர் நிறைந்திருக்கும், சாலைகள் உலர்ந்திருக்கும், உழவர் குடும்பங்களுக்கும் சிறிது ஓய்வு கிட்டியிருக்கும்.

அக்கரைப்பற்றையும் திருக்கோவிலையும் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும்போது சாலையின் இருமருங்கிலும் நீர்நிலைகள் தோன்றுகின்றன. பொத்துவிலை அடுத்துள்ள களப்பில் கண்டற் காடுகள் செழித்து நிற்கின்றன. உவர்நீரில் வேரூன்றி நிற்கும் இம்மரங்களின் இடுக்குகளிலேதான் இறாலும் மீன் குஞ்சுகளும் வளர்கின்றன. அப்பால் அறுகம் குடாவும் பாணமையும் உள்ளன. அவற்றுக்கும் தெற்கே குமண என்னும் பறவைகளின் புகலிடம் விரிந்து கிடக்கின்றது. அங்குள்ள ‘வில்லு’ என்பது கண்டல் சூழ்ந்த ஆழமற்ற நீர்ப்பரப்பு. நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் ஆண்டுதோறும் அங்குக் கூடு கட்டுகின்றன. 2010ஆம் ஆண்டில் இந்நிலம் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

பொத்துவிலில் சாலை மேற்கே திரும்புகின்றது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் லாகுகல வனப்பூங்கா வருகின்றது. பரப்பிலே சிறியதாயினும் யானைகளுக்கு மிக வேண்டியது இவ்விடம். வறட்சிக் காலத்தில் குளத்து நீர் வற்ற வற்ற, அதன் படுகையில் வளரும் புல்லை மேய்வதற்கு யானைக் கூட்டங்கள் இறங்கி வருகின்றன. ஆகவே, மாலை மங்கிய பின்னர் இப்பகுதியில் வண்டியைச் செலுத்துவதும், குளக்கரையில் நிறுத்தி உறங்குவதும் பேதைமையாகும். பகலிலேயே சியம்பலாண்டுவையைக் கடந்துவிடுதல் வேண்டும். பள்ளிவாசல் வளவிலோ, எரிபொருள் நிலையத்திலோ, ஊர்மனையிலோ அனுமதி கேட்டு வண்டியை நிறுத்துவோருக்கு உறக்கமும் பாதுகாப்பும் ஒருங்கே கிடைக்கும்.

மொனராகலை, புத்தல ஆகிய ஊர்களைத் தாண்டி வெல்லவாயவை அடைந்தால், எதிரே மலைச்சுவர் எழுந்து நிற்பதைக் காணலாம். இலங்கையின் நிலம் கடற்கரையிலிருந்து நடுமலை நோக்கி மூன்று படிகளாக உயர்ந்து செல்கின்றது என்பர் நிலவியலார். மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு ஆறு இறங்கும் இடங்களிலேயே பெரும் அருவிகள் பிறக்கின்றன. கொஸ்லந்தைக்கு அணித்தேயுள்ள தியலும அருவி 220 மீற்றர் உயரத்திலிருந்து பாறையைத் தழுவி வீழ்கின்றது. அதே நெடுஞ்சாலையில் மேலும் மேற்கே சென்றால், நாட்டிலேயே உயரமான பம்பரகந்தை அருவியைக் காணலாம்; அதன் உயரம் 263 மீற்றர். வெல்லவாயவிலிருந்து எல்ல நோக்கி ஏறும் கிளைச்சாலையிலே இராவணன் அருவி வழியோரத்திலேயே முழங்குகின்றது. அதற்கு மேலே இரு மலைகளுக்கிடையே பிளந்து கிடக்கும் எல்லக் கணவாயின் வழியே நோக்கினால், தென்திசைச் சமவெளி நெடுந்தூரம் கண்ணுக்குப் புலனாகும்.

அழகு மிகுந்த இடத்தில் அச்சமும் உடனுறைகின்றது. 2025 செப்டம்பரில் எல்ல–வெல்லவாய சாலையில் இரவு வேளையிலே பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து பேர் மாண்டனர். நீண்ட இறக்கத்தில் தடையை மட்டும் நம்பி வண்டியைச் செலுத்தினால் அது சூடேறி வலுவிழந்துவிடும். கீழ்க் கியரில் மெல்ல இறங்குவதே முறை. தண்ணீரும் தட்டுமுட்டும் நிறைந்து கனத்த தங்குவண்டிக்கு இது மேலும் பொருந்தும். அருவியின் உச்சியிலுள்ள மடுக்களில் குளிப்போர், பாசி படர்ந்த பாறை வழுக்கும் என்பதையும், மேல்மலையில் பெய்யும் மழை கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும் என்பதையும் மறத்தலாகாது. மேலும், கொஸ்லந்தை வெறும் காட்சித்தலம் அன்று. 2014 அக்டோபர் 29ஆம் நாள் மீரியபெத்தையில் மண்சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியது. அத்துயரைச் சுமந்த மக்கள் வாழும் மலை அது. அங்குச் செல்வோர் அதற்குரிய அடக்கத்தோடு செல்லுதல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையான கடமை ஒன்றுண்டு. தவளக்காரர் தங்கிய இடத்தில் எஞ்சியவை சாம்பலும் சாணமுமே. மண் அவற்றை ஏற்றுக்கொண்டது. இக்காலப் பயணிகள் விட்டுச்செல்லும் பொலித்தீனையும் பிளாஸ்ரிக்கையும் மண் ஏற்பதில்லை. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிலுள்ள குப்பை மேட்டில் பிளாஸ்ரிக் கழிவை உண்டு, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் இறந்தன என்னும் செய்தி 2022 ஜனவரியில் வெளிவந்து உலகத்தையே வருந்தச் செய்தது. இராவணன் அருவியருகே வீசப்படும் ஒரு பை, கிரிந்தி ஓயாவின் வழியே லுணுகம்வெகர நீர்த்தேக்கத்தைச் சேரக்கூடும். அந்நீரை நம்பி வாழ்வோர் தென்புலத்து உழவர். ஆகவே, வண்டியில் எடுத்துச் சென்ற கழிவை வண்டியிலேயே திருப்பிக் கொண்டுவருதலும், சோப்பு நீரை ஓடையில் ஊற்றாதிருத்தலும் தங்குவண்டிப் பயணிகளின் முதல் ஒழுக்கமாகும்.

இதனை ஒலுவில் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுந்த உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். 2013இல் திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புகள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை அரிக்கப்பட்டு, தென்னந்தோப்பும் நிலமும் கடலுக்கு இரையாயின. இயற்கையின் ஓட்டம் ஓரிடத்தில் தடைப்பட்டால் அதன் விளைவு வேறோரிடத்தில் தோன்றும் என்பதை அவர்கள் தம் நிலத்தை இழந்தே அறிந்துள்ளனர்.

ஒலுவிலின் வயல்களுக்கு நீர் தரும் பட்டிப்பளை ஆறும் ஊவா மலைப்புறத்திலே தோன்றி, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, பின்னர் கிழக்கு நோக்கி ஓடி வருவதேயாகும். கடலோரத்துப் பிள்ளைகள் மலையைக் காண்பதும், தாம் உண்ணும் சோற்றுக்கு உதவும் நீர் எங்கிருந்து வருகின்றதென அறிவதும் ஏட்டுக் கல்விக்கு ஈடான கல்வியே. தங்குவண்டி கிட்டாதவர்கள் சாதாரண வானிலோ பேருந்திலோ இதே வழியிற் செல்லலாம். சென்று தங்கிய இடத்தைத் தமக்குப் பின் வருவோரும் தூயதாகக் காணும்படி விட்டு வருவதே, பண்டைத் தவளக்காரரின் வழியைப் பின்பற்றுவதாகும்.