மார்த்தாவும் பெண்ணின் "இயற்கை"யும்
(ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பிரேசில் தேசத்துக் கால்பந்தாட்டக்காரியான மார்த்தா என்னும் பெண்மணியின் வாழ்க்கையைப் பற்றி இன்று நாம் பேசுவோம் என்று நோட்டீசில் கண்டிருக்கிறது. பந்தை உதைத்து நமக்குப் பழக்கமில்லை. ஆட்டத்தின் நுட்பங்களைப் பற்றி இங்குள்ள வாலிபத் தோழர்கள் நம்மைவிட நன்றாய்ப் பேசுவார்கள். ஆனால் இந்த அம்மாளின் சரித்திரத்தில் பந்தைக் காட்டிலும் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. அதுதான் பெண்ணின் "இயற்கை" என்கிற சங்கதி. இக்கழகத்து மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கும் ஆட நேரம் ஒதுக்குவதா என்று இக்கூட்டத்தின் முடிவில் ஒரு தீர்மானம் வரப்போவதாகவும், அதற்குச் சிலர் ஆட்சேபனை சொல்லுவதாகவும், அவர்கள் காட்டுகிற காரணமும் அதே "இயற்கை" தான் என்றும் கேள்விப்பட்டோம். ஆகவே முதலில் அந்த இயற்கையைக் கொஞ்சம் விசாரித்துவிட்டுப் பிறகு மார்த்தாவிடம் வருவோம்.

பிரேசிலில் 1941-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி, வர்காஸ் என்பவருடைய சர்வாதிகார ஆட்சியில், 3199-ஆம் நெம்பர் சட்டம் ஒன்று பிறந்தது. அதில் 54-வது பிரிவு, பெண்களுடைய இயற்கை நிலைமைக்குப் பொருந்தாத விளையாட்டுகளைப் பெண்கள் ஆடக்கூடாது என்று சொல்லிற்று. இதற்கு முந்தின வருஷந்தான் ஒரு கனவான், பெண்கள் பந்து உதைத்தால் வருங்காலத் தாய்மார்களின் தேகம் கெட்டுவிடும் என்று மிகவும் விசனப்பட்டு அந்த வர்காசுக்கே கடிதம் எழுதினார். அது பத்திரிகைகளிலும் வந்தது. வயல் வேலை செய்து, மூட்டை சுமந்து, தண்ணீர் இழுத்து, பத்துப் பிள்ளை பெற்ற பெண்களின் தேகத்தைப் பற்றி அந்தக் கனவான் ஏதாவது கடிதம் எழுதினாரா என்றால், எழுதியதாக நாம் கேட்டதில்லை. 1965-இல், பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்தபோது, தடுக்கப்பட்ட ஆட்டங்கள் இன்னின்னவை என்று ஜாபிதாவே போட்டார்கள். கால்பந்து, கடற்கரையில் ஆடும் பந்து, மல்யுத்தம், பளு தூக்குதல் எல்லாம் அதில் சேர்ந்தன. இந்தத் தடை 1979-இல் தான் ஒழிந்தது. அதாவது முப்பத்தெட்டு வருஷம். இந்த முப்பத்தெட்டு வருஷத்திற்குள் அந்த தேசத்து ஆண்கள் 1958, 1962, 1970 ஆகிய மூன்று தடவை உலகக் கோப்பையை எடுத்து வந்தார்கள். தேசமே வீதியில் கூத்தாடிற்று. அந்த தேசத்தில் பாதிப்பேர் பந்தைத் தொட்டால் குற்றம்!

தோழர்களே! நாம் ஒன்று கேட்கிறோம். உண்மையிலேயே பெண்ணின் இயற்கை பந்தாட்டத்திற்குப் பொருந்தாதென்றால் அதைத் தடுக்கச் சட்டம் எதற்கு? மீன்கள் மரம் ஏறக்கூடாதென்று எந்தச் சர்க்காராவது சட்டம் போட்டதுண்டா? பெண்கள் ஆடினார்கள், நன்றாகவும் ஆடினார்கள், ஜனங்கள் பார்க்கவும் வந்தார்கள். அதனால்தான் சட்டம் வேண்டியிருந்தது. இங்கிலாந்திலும் இதே கதைதான். 1920 டிசம்பரில் லிவர்பூலில் பெண்கள் ஆடிய ஒரு பந்தயத்திற்கு 53,000 பேர் கூடினார்கள். மறு வருஷமே, 1921 டிசம்பரில், இந்த ஆட்டம் பெண்களுக்குத் தகாது என்று சொல்லிக் கால்பந்துச் சங்கத்தார் தங்கள் மைதானங்களை அவர்களுக்கு அடைத்துவிட்டார்கள். அந்தக் கதவு திறக்க ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்று. ஐம்பத்து மூவாயிரம் பேர் பார்த்தபோது தெரியாத இயற்கை, மறு வருஷத்தில் எங்கிருந்து முளைத்ததோ தெரியவில்லை.

இனி மார்த்தாவிடம் வருவோம். 1986 பிப்ரவரி 19-ந் தேதி, பிரேசிலின் வறண்ட வடகிழக்குப் பிரதேசமான அலகோவாஸ் மாகாணத்தில் தோயிஸ் ரியாச்சோஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். சட்டம் ஒழிந்து ஏழு வருஷந்தான் ஆகியிருந்தது. காகிதத்தில் ஒழிந்ததே தவிர மனிதர் மனத்தில் ஒழியவில்லை. குழந்தை கைக்குழந்தையாயிருக்கும்போதே தகப்பனார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாயார் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். பெண்ணுக்குப் பந்து வாங்கிக் கொடுக்க வீட்டில் காசேது? பைகளைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கித் தெருப் பையன்களோடு ஆடினாள். வீட்டு ஆண்பிள்ளைகளுக்கே அது வெட்கமாயிருந்தது. ஊரார் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சிறுவர் பந்தயமொன்றில், இந்தப் பெண் ஆடினால் எங்கள் கட்சி ஆடாது என்று எதிர்க் கட்சிப் பயிற்சியாளர் ஒருவர் முறுக்கிக்கொண்டார். பெண்ணுக்கு ஆடத் தெரியாது என்பதற்காகவா? இல்லை, அவள் அவருடைய பையன்களைத் தாண்டித் தாண்டிப் போனாள், அதற்காக!

பதினாலு வயதில், 2000-ஆம் வருஷத்தில், அந்தப் பெண் பஸ் ஏறி, மூன்று நாள் பிரயாணம் செய்து ரியோ நகரம் போய், வாஸ்கோ ட காமா கழகத்தில் சேர்ந்தாள். நம் வீடுகளில் பதினாலு வயதுப் பெண்ணைக் கடைத்தெருவுக்கு அனுப்பவே ஒரு தம்பி துணை வேண்டும். அந்தத் தம்பிக்கு எட்டு வயதாயிருந்தாலும் போதும். போகட்டும். சிறிது காலத்தில் வாஸ்கோவில் பெண்கள் கட்சியை மூடிவிட்டார்கள். 2004-இல், பதினெட்டு வயதில், பிரேசிலின் வெயிலை விட்டு, ஸ்வீடன் தேசத்தின் வடக்கே பனி மூடிய உமேயோ என்னும் ஊர்க் கழகத்திற்குப் போனார். பாஷை தெரியாது, குளிர் தெரியாது. அந்த வருஷமே அக்கழகம் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. 2005 முதல் 2008 வரை நான்கு வருஷமும் ஸ்வீடனில் முதலிடம் அதற்கே. 2006 முதல் 2010 வரை ஐந்து வருஷம் தொடர்ச்சியாக உலகத்தின் சிறந்த ஆட்டக்காரி என்ற பட்டம் மார்த்தாவுக்கு. 2018-இல் ஆறாவது முறை.

இவ்வளவு பேரும் புகழும் இருந்தால் பிழைப்பு சுகமாயிருக்கும் என்று நினைப்பீர்கள். அதைத்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தோம். 2009-இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் கழகத்தில் சேர்ந்தார். அடுத்த வருஷம் அக்கழகம் மூடப்பட்டது. 2010-இல் கோல்ட் பிரைட் என்னும் கழகத்திற்குப் போய் அதற்குச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். பட்டம் வாங்கிய கையோடு அதுவும் மூடப்பட்டது. 2011-இல் மேற்கு நியூயார்க் கழகம். அங்கும் சாம்பியன் பட்டம். 2012-இல் அந்தப் பந்தய அமைப்பு முழுவதுமே கலைந்தது. மறுபடி ஸ்வீடன் போய்த் துய்ரேசோ கழகத்தில் சேர்ந்தார். 2014-இல் அது ஐரோப்பியக் கோப்பையின் இறுதிப் பந்தயம் வரை போயிற்று. அந்தப் பந்தயத்தில் மார்த்தா இரண்டு கோல் போட்டும் 4-3 என்று தோற்றது. அதே வருஷத்தில் கழகம் திவாலாயிற்று. உலகத்தில் முதலாவது கெட்டிக்காரி என்று பட்டம் பெற்றவள், வேலை செய்கிற கடையெல்லாம் ஒவ்வொன்றாய்க் கதவு சாத்துவதைப் பார்த்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கித் தேசத்துக்குத் தேசம் அலைந்தாள் என்றால், பெயர் தெரியாத ஆட்டக்காரிகளின் கதி என்னவாயிருக்கும்? பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆள் வருவதில்லை, அதனால் பணமில்லை என்று காரணம் சொல்லுகிறார்கள். முப்பத்தெட்டு வருஷம் கதவைப் பூட்டி வைத்துவிட்டு, உள்ளே ஏன் கூட்டமில்லை என்று கேட்பது நல்ல வேடிக்கை!

2007-இல் ரியோ நகரத்து மரக்கானா மைதானத்தில் ஏறக்குறைய 68,000 பேர் முன்னிலையில் பிரேசில் பெண்கள் அமெரிக்காவை 5-0 என்று தோற்கடித்தார்கள். அதே வருஷம் சீனாவில் நடந்த உலகக் கோப்பையில் மார்த்தா ஏழு கோல் போட்டார். சிறந்த ஆட்டக்காரி பட்டமும் அவருக்குத்தான். ஆனால் இறுதிப் பந்தயத்தில் அவர் உதைத்த பெனால்டியை ஜெர்மானிய கோல்காரி தடுத்துவிட்டாள். பிரேசில் 2-0 என்று தோற்றது. பரிசு வாங்கும்போது அந்தப் பெண்கள், எங்களுக்கு ஆதரவு வேண்டும் என்று தங்கள் தேசத்தாருக்கு ஒரு துணியில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உலகத்தில் இரண்டாவதாக வந்தவர்கள், ஆதரவு கேட்டு எழுதிக் காட்ட வேண்டியிருந்தது!

இந்த அம்மாளைப் புகழ்கிறவர்கள் "பாவாடை கட்டிய பெலே" என்று பேர் வைத்தார்கள். அவர் பாவாடை கட்டி ஆடவில்லை. கால்சட்டை போட்டுத்தான் ஆடினார். பெண் கெட்டிக்காரியாயிருந்தால் ஓர் ஆண்பிள்ளையின் பேரைக் கடன் வாங்கிக் கொடுத்தால்தான் புகழ்கிறவருக்குத் திருப்தி போலும். 2019-இல் அந்த அம்மாள் உலகக் கோப்பையில் தமது 17-வது கோலைப் போட்டார். அதுவரை ஆண்களில் அதிகம் போட்ட ஜெர்மனியின் க்ளோசேக்கு 16 தான். ஐந்து உலகக் கோப்பைகளில் கோல் போட்டவர் ஆணிலும் பெண்ணிலும் அவருக்கு முன் ஒருவரும் இல்லை. அந்தச் சமயத்தில் அவர் போட்டிருந்த பூட்சில் எந்தக் கம்பெனியின் முத்திரையும் இல்லை. கம்பெனி கொடுக்க வந்த தொகை தமது தகுதிக்குக் குறைந்ததென்று வேண்டாமென்றுவிட்டு, ஆண் பெண் சமத்துவக் குறியை மட்டும் பூட்சில் போட்டுக்கொண்டு, கோல் போட்டதும் அதைத் தொட்டுக் காட்டினார். நாம் மேடைமேல் இரண்டு மணி நேரம் பேசுவதை அந்த அம்மாள் ஒரு விரலால் பேசிவிட்டார். 2020-இல் பிரேசில் கால்பந்துச் சங்கம், தேசியக் கட்சியில் ஆடும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே படி, ஒரே பரிசுத் தொகை என்று அறிவித்தது.

அவருக்குத் தோல்வியும் நிறைய உண்டு. உலகக் கோப்பை கைக்கு வரவில்லை. ஒலிம்பிக்கில் 2004, 2008, 2024 ஆகிய மூன்று முறையும் வெள்ளிதான். 2024-இல் பாரிசில் சிவப்பு அட்டை வாங்கி அழுதுகொண்டே வெளியேறினார். அதே வருஷம் அமெரிக்காவில் ஒர்லாண்டோ கழகத்திற்குத் தலைவியாயிருந்து சாம்பியன் பட்டம் வென்றார். அதோடு தேசியக் கட்சியை விட்டுவிடுவார் என்றார்கள்.

விடவில்லை. 2025 ஆகஸ்டில், கீட்டோ நகரத்தில், தென் அமெரிக்கக் கோப்பையின் இறுதிப் பந்தயம். எதிரில் கொலம்பியா. 39 வயதான இந்த அம்மாள் பிற்பாடு இறங்கி, ஆட்டம் முடிகிற கடைசி நிமிஷத்தில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இன்னொன்றும் போட்டார். கொலம்பியாவும் விடாமல் 4-4 ஆக்கிற்று. பெனால்டியில் மார்த்தா உதைத்ததைக் கோல்காரி தடுத்துவிட்டாள். பதினெட்டு வருஷத்திற்கு முன் சீனாவில் நடந்ததுபோலவே! ஆனால் இம்முறை அவருக்குப் பின்னால் இளம்பெண்கள் இருந்தார்கள். அவர்கள் உதைத்தார்கள், பிரேசில் ஜெயித்தது.

தீர்மானம் இனி உங்கள் முன் வருகிறது. மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை ஒரு மணி நேரந்தான் கேட்டிருப்பதாகத் தலைவர் சொல்லுகிறார். ஆட்சேபனை உள்ளவர்கள் முதலில் பேசட்டும், நாம் உட்காருகிறோம்.