கடைசி வாங்கிலிருந்து

ஒரு பாடசாலையின் நிலையை அறிய விரும்புவோர் அதிபரின் அறைக்குட் செல்வதிலும் பார்க்க, ஏதேனுமொரு வகுப்பின் கடைசி வாங்கில் அரைமணி நேரம் அமர்ந்திருத்தல் நன்று.

நமது கிராமப் பாடசாலைகள் பலவற்றின் அமைப்பை நேயர்கள் அறிவர். நீண்ட மண்டபம், இருபுறமும் அரைச்சுவர், வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே ஒரு தட்டி. சிலவிடங்களில் அதுவும் இல்லை. ஒரு வகுப்பின் வாய்பாடு அடுத்த வகுப்பின் செய்யுளோடு கலக்கும். காலை வெயில் பக்கவாட்டாக வந்து கரும்பலகையிற் படும்போது, கடைசி வாங்கிலுள்ள பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. பலகையின் மினுக்கமே தெரியும். அப்பிள்ளை பக்கத்திலிருப்பவனின் கொப்பியைப் பார்க்கும், ஏச்சு வாங்கும். ஆண்டிறுதியில் ‘மந்தன்’ என்ற பெயர் நிலைத்துவிடும். குற்றம் பலகையினுடையது, தண்டனையோ பிள்ளைக்கு.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பலகையைச் சற்றே சாய்த்து வைக்கலாம். வெயில் வரும் புறத்தில் ஓர் ஓலைத்தட்டியைத் தொங்கவிடலாம். தேய்ந்து மினுங்கும் பலகைக்கு மங்கலான கரும்பூச்சு பூசுதல் வேண்டும். ஆசிரியர் ஒரு வரியை எழுதிவிட்டுக் கடைசி வாங்குவரை நடந்து சென்று தாமே வாசித்துப் பார்ப்பதே சிறந்த சோதனை. ஒரு புறம் மட்டும் சாளரமுள்ள அறையாயின், பிள்ளைகளின் இடப்புறத்தால் ஒளி வரும்படி இருத்துக. எழுதும் கையின் நிழல் தாளில் விழாது. இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு இது மாறும் என்பதைப் பலர் நினைப்பதேயில்லை.

அடுத்தடுத்த வகுப்புகளின் ஆசிரியர்கள் இடைத்தட்டிக்கு முதுகு காட்டி நின்று கற்பித்தால், குரல்கள் எதிரெதிர்த் திசைகளிற் செல்லும். இரைச்சல் அற்றுப்போகாது; ஆனால் குறையும்.

இனி, கதிரை மேசை. 1907 இல் உரோமாபுரியில் மரியா மொண்டிசோரி அம்மையார் தமது குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபோது, சிறுவர் தாமே தூக்கி வைக்கத்தக்க சிறிய தளபாடங்களைச் செய்வித்தார். 1944 இல் அவர் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். ஆயினும், கால் நிலத்தில் எட்டாது தொங்க, நாள் முழுதும் இருக்கும் சிறுவரை இன்றும் காணலாம். காலின்கீழ் ஒரு பலகைத்துண்டு வைத்தாலே பாதித் துன்பம் தீரும்.

1999 இல் முதலாம் தரத்திற் கல்விச் சீர்திருத்தம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், விளையாட்டும் செயற்பாடும் எழுத்துவேலையும் ஒரே அறைக்குள் இடம்பெறலாயின. உடனே பலர் மேசைகளைக் கூட்டங்கூட்டமாகச் சேர்த்து வைத்தனர். பலகையைப் பார்க்கும் வேளையிலும் அப்படியே விட்டதனால், பாதிப் பிள்ளைகள் கழுத்தைத் திருப்பியே நாளைக் கழித்தனர். மேசை நகர்ந்தது, முறை நகரவில்லை! செயற்பாட்டுக்குக் கூட்டமாகவும், பலகைப் பாடத்துக்கு அரைவட்டமாகவும் பிள்ளைகளே மாற்றி வைக்கலாம். நிலத்தில் வெண்கட்டியால் அடையாளமிட்டுக் கொடுத்தால், சில நாட்களில் அவர்கள் சத்தமின்றி மாற்றப் பழகிவிடுவர்.

மாரிகாலத்தில் அரைச்சுவரோரத்து வாங்குகளை உள்ளே இழுத்துவிடுதல் வேண்டும். தூவானத்தில் நனைந்த கொப்பியில் எழுத்து நிற்காது. வாரந்தோறும் இருக்கைகளை மாற்றும்போது, பார்வை குறைந்த பிள்ளையை மட்டும் முன்வரிசையிலேயே விட்டுவிடுக.